ஓடிஎஸ்பி பெறுகிறவர் வீட்டிலேயே கைவினைத் தொழில் தொடங்குவது எப்படி?

"நாலு காசு உழைத்தால் ஓடிஎஸ்பியை வெட்டிவிடுவார்கள்." ஒன்ராறியோவில் ஓடிஎஸ்பி என்ற மாற்றுத்திறனாளி உதவிப்பணம் பெறும் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் குறைவு. இதனால் இரண்டு விதமான ஆட்கள் உருவாகியிருக்கிறார்கள். கைவேலை நன்றாகத் தெரிந்தும் பயத்தில் சும்மா இருப்பவர்கள் ஒரு வகை. சாமத்திய வீட்டுக்கு ஆராத்தித் தட்டு அலங்கரித்துக் கொடுத்து, காசைக் கையில் வாங்கி, எவருக்கும் சொல்லாமல் அலுமாரிக்குள் வைப்பவர்கள் மற்ற வகை. முதலாமவர் வீணாகப் பயப்படுகிறார். இரண்டாமவர் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருக்கிறார். உழைப்பதை ஓடிஎஸ்பி தடுப்பதில்லை. உழைத்ததை மறைத்தால்தான் சிக்கல்.

இங்கே சொல்லும் விதிகள் ஒன்ராறியோவுக்கு உரியவை. தொகைகள் பெரும்பாலும் 2025ஆம் ஆண்டுக்குரியவை; அவற்றில் சில ஆண்டுதோறும் மாறும்.

உங்களுக்கு வரும் பணம் எந்தப் பணம்?

அலங்காரத்துக்கு ஒரு பாசிமணி வாங்குவதற்கு முன்னால் வங்கிக் கணக்கை எடுத்து, மாதாமாதம் எந்தெந்த இடத்திலிருந்து பணம் வருகிறது என்று எழுதுங்கள். பலர் எல்லாவற்றையும் சேர்த்து "அரசாங்கக் காசு" என்றே சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் விதி வேறு.

ஓடிஎஸ்பி மாகாண அரசின் பணம். தனியாள் ஒருவருக்கு அதிகபட்சம் 2025 ஜூலையில் மாதம் 1,408 டொலராக இருந்தது. சிபிபி (கனடா ஓய்வூதியத் திட்டம்) தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மத்திய அரசினுடையது. முன்பு வேலை செய்து சிபிபி கட்டியவருக்கே அது கிடைக்கும். அதைப் பெறுபவர் ஆண்டு உழைப்பு 2025இல் 7,100 டொலரைத் தாண்டினால் உடனே அறிவிக்க வேண்டும். 2025 ஜூலையில் தொடங்கிய கனடா மாற்றுத்திறனாளி நன்மை மூன்றாவது. தொடங்கியபோது மாதம் அதிகபட்சம் 200 டொலர். அதைப் பெற மாற்றுத்திறனாளி வரிச் சலுகைக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். ஒன்ராறியோ இந்தப் பணத்தை ஓடிஎஸ்பியில் கழிப்பதில்லை. சிபிபி ஓய்வூதியத்தையோ டொலருக்கு டொலர் கழித்துவிடும். ஓடிஎஸ்பியோடு இவற்றையும் பெறுபவர்கள் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகையை வருமானத்துக்கு ஏற்ப நிர்ணயிக்கும் அரச வீட்டில் இருந்தால் அந்த அலுவலகத்துக்கும் வருமானத்தைத் தெரிவிக்க வேண்டும். ஓடிஎஸ்பிக்குச் சொன்னதால் அவர்களுக்குச் சொன்னதாக ஆகாது.

ஆயிரம் டொலர்க் கணக்கு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள்.

2023 பெப்ரவரிக்கு முன்னர் மாதம் 200 டொலர் வரைதான் கழிக்காமல் விட்டார்கள். இப்போது மாற்றுத்திறனாளியின் நிகர உழைப்பில் முதல் 1,000 டொலரைத் தொடுவதில்லை. அதற்கு மேல் வருவதில் 75 சதவீதத்தை உதவிப்பணத்தில் கழிப்பார்கள். 25 சதவீதம் உங்களிடம் நிற்கும். நிகரம் என்றால் கைக்கு வந்த மொத்தக் காசு அல்ல. அதிலிருந்து பொருட்செலவு போன்ற தொழிற்செலவுகளைக் கழித்தபின் மிஞ்சுவது.

ஜூன் மாதத்தில் 2,100 டொலருக்குத் தட்டுகள் விற்றீர்கள், மணி, கண்ணாடி, பட்டி, பெட்டி, தபால் எல்லாம் 500 டொலர் என்று வைத்துக்கொள்வோம். நிகரம் 1,600. முதல் ஆயிரம் உங்களுடையது. மீதி 600இல் 450 டொலர் பின்னால் வரும் கொடுப்பனவில் கழியும். ஆக 1,150 டொலர் கூடுதலாக உங்கள் கையில். இதற்கு மேல், நிகர வருமானம் இருக்கும் மாதங்களில் வேலை தொடர்பான கொடுப்பனவாக 100 டொலரும் உண்டு. 2025 ஜூலைத் தொகைப்படி கணக்குப் பார்த்தால், வேறு வருமானம் இல்லாமல் முழுத்தொகை பெறும் தனியாளுக்கு நிகரம் மாதம் ஏறக்குறைய 2,877 டொலர் ஆகும்வரை காசோலை முற்றாக நிற்காது. வீட்டுக் கைவினைத் தொழிலில் முதல் இரண்டு வருடம் அந்த எல்லைக்கு அருகே போகிறவர் அபூர்வம்.

எங்கள் ஆட்களுக்கு இதில் இருக்கும் சிக்கல் வேறு. ஆயிரம் டொலர் என்பது மாதக் கணக்கு. இந்த மாதம் உழைக்காமல் விட்ட ஆயிரம் அடுத்த மாதத்துக்குச் சேராது. ஆனால் கலியாணமும் சாமத்திய வீடும் அரங்கேற்றமும் கோடையில்தான் குவிகின்றன. ஜூலையில் மட்டும் நிகரம் 2,400 வந்து, முன்னும் பின்னும் ஒன்றும் இல்லையென்றால் 1,050 டொலர் கழியும். அதே 2,400 மே, ஜூன், ஜூலை என மூன்று மாதங்களில் 800 வீதம் வந்திருந்தால் ஒரு சதமும் கழியாது.

ஆகவே கொண்டாட்ட வேலைக்கு முன்பணம் வாங்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வையுங்கள். ஓடரை உறுதிசெய்யும்போது மூன்றில் ஒரு பங்கு, மாதிரியைக் காட்டி ஒப்புதல் பெறும்போது ஒரு பங்கு, பொருளைக் கையில் கொடுக்கும்போது மீதி. இதை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். இது நேர்மையான வியாபார முறைதான். கடைசி நிமிடத்தில் ஓடரை ரத்துச் செய்கிறவர்களிடமிருந்தும் உங்களைக் காப்பாற்றும். ஜூலையில் வாங்கிய காசைச் செப்டெம்பர் என்று எழுதுவது மட்டும் கூடவே கூடாது. கைக்கு வந்த மாதம் எதுவோ அதுதான் கணக்கில் வரும் மாதம்.

இன்னொரு பொறி. மனைவி மாற்றுத்திறனாளி, கணவர் அல்ல என்று வையுங்கள். தொழிலைக் கணவர் பெயரில் போட்டால் நல்லது என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். ஆயிரம் டொலர் விலக்கு மாற்றுத்திறனாளிக்கு உரியது. மாற்றுத்திறனாளி அல்லாத துணைவருக்கு இன்னமும் 200 டொலர்தான். அதற்கு மேல் பாதி கழியும். வேலை செய்பவர் யாரோ, தொழிலும் அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

கைக்கும் உடம்புக்கும் ஏற்ற வேலை

ரொறன்ரோவின் தமிழ்க் கொண்டாட்டச் சந்தை பெரியது: ஆராத்தித் தட்டு, நிறைகுட அலங்காரம், தாம்பூலப் பை, பட்டுநூல் வளையல், பரதநாட்டியத் தலைச்சாமான், துணிப் பூமாலை, பெயர் பொறித்த குத்துவிளக்குப் பலகை. இதில் எது அழகாக வருகிறது என்பதைவிட, உடம்பு சரியில்லாத கிழமையிலும் எதைச் செய்ய முடியும் என்று பாருங்கள். மூட்டுவாதம் உள்ள கைக்குச் சூட்டுப் பசைத் துப்பாக்கியின் விசையை நூறு தடவை அழுத்துவது தண்டனை. பார்வை மங்கியவருக்குப் பாசிமணி கோப்பதைவிடத் துணிப்பூ மடிப்பது இலகு. டயாலிசிஸ் போகிறவர் வாரத்தில் எந்த நாட்கள் உண்மையில் தனக்குரியவை என்று கணக்கெடுத்த பிறகே ஓடர் எடுக்க வேண்டும்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அவப்பெயர் அங்கேதான் வருகிறது. சாதாரண சூட்டுப் பசை குளிரில் விறைத்து நொறுங்கும். தைப்பொங்கல் விழாவுக்குக் கொண்டுபோன தட்டு, மைனஸ் 15இல் காரில் ஒரு மணிநேரம் கிடந்தால், மண்டப வாசலிலேயே கற்கள் உதிரத் தொடங்கும். பளபளப்பான கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் ஈ6000 போன்ற பசை நன்றாக நிற்கும். முழுதாக இறுக ஓரிரு நாட்கள் எடுக்கும், வாடை கடுமையாக இருக்கும், ஜன்னலைத் திறந்துவைத்தே வேலை செய்ய வேண்டும். ஆஸ்த்துமா இருந்தால் அந்த வேலையே வேண்டாம். தைத்துக் கட்டும் அலங்காரத்துக்குப் போங்கள்.

சில பொருட்களுக்குச் சட்டமும் உண்டு. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான நகைகளில் ஈயம் ஒரு கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பிள்ளை விழுங்கிவிடக்கூடிய சிறிய துண்டுகளில் கட்மியத்துக்கு 130 மில்லிகிராம் எல்லை. நாட்டியப் பிள்ளைகளின் நெற்றிச்சுட்டியும் வளையலும் இதற்குள் வரும். ஊரிலிருந்து பொதியில் வரும் மலிவு உலோகச் சாமான்களுக்கு எந்தப் பரிசோதனைத் தாளும் இருக்காது. பிள்ளைகள் பொருளில் அவற்றைத் தொடாதீர்கள். சவர்க்காரம், குங்குமம் போன்றவை அழகுசாதனப் பொருட்கள். முதல் விற்பனை நடந்து 10 நாட்களுக்குள் ஹெல்த் கனடாவுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். பலகாரத்தை இந்தத் தொழிலோடு கலக்க வேண்டாம். உணவுக்குப் பொதுச் சுகாதாரப் பிரிவின் விதிகள் தனி. அது வேறு தொழில்.

விலை போடுவது

ஒரு தட்டுக்குப் பொருட்செலவு 12 டொலர், வேலை இரண்டு மணிநேரம் என்று எடுப்போம். ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஒக்டோபரில் மணிக்கு 17.60 ஆக இருந்தது. அந்தக் கூலியைப் போட்டாலே 47 டொலர் ஆகிறது. எங்கள் சந்தையில் ஒரு தட்டுக்கு 47 கொடுக்க எத்தனை பேர் வருவார்கள்? 20 கேட்டால் வாங்குவார்கள். அப்போது உங்கள் கூலி மணிக்கு நாலு டொலர். சொந்தக்காரர் என்றால் அதிலும் குறைக்கச் சொல்வார்கள்.

அதனால் ஒரே தட்டை விற்பதைவிட வாடகைக்கு விடுவது புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம். 11 தட்டுகள் கொண்ட ஒரு தொகுதியை நன்றாகச் செய்து வைத்துக்கொண்டால், விழாவுக்கு 120 டொலர் வாடகையில் ஐந்து விழாவுக்குப் போனால் 600. உடைந்த கல்லை ஒட்டுவதும் துடைத்து வைப்பதும்தான் மிச்ச வேலை. படுத்துக் கிடக்கும் கிழமையிலும் தட்டு உழைக்கும். வைப்புப்பணம் வாங்காமல் மட்டும் வெளியே விடாதீர்கள். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருப்பதால் வாடகை வரவோடு கலக்காமல் தனியாகக் குறித்து வையுங்கள்.

கேஸ்வேர்க்கருக்குச் சொல்வது

உங்கள் ஓடிஎஸ்பி கோப்பைப் பார்க்கும் அலுவலர்தான் கேஸ்வேர்க்கர். முதல் ஓடரை எடுப்பதற்கு முன்பே அவருக்குச் சொல்லுங்கள். தொலைபேசியில் சொன்னது காற்றோடு போகும். மை பெனிஃபிட்ஸ் இணையக் கணக்கு மூலமாகவோ கடிதமாகவோ எழுதுங்கள். நீளமாக வேண்டாம். "வீட்டிலிருந்து கைவினைப் பொருட்கள் செய்து விற்கும் சுயதொழிலை இன்ன திகதியிலிருந்து தொடங்குகிறேன். மாத வருமானத்தையும் செலவையும் எந்தப் படிவத்தில், எந்தத் திகதிக்குள் தரவேண்டும்? எந்தச் செலவுகளை ஏற்றுக்கொள்வீர்கள்?" இவ்வளவு போதும். பதிலையும் எழுத்தில் கேளுங்கள்.

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. வரித்துறை ஏற்கும் செலவுகள் எல்லாவற்றையும் ஓடிஎஸ்பியும் ஏற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பொருட்செலவில் சிக்கல் வருவது குறைவு. வீட்டு வாடகையில் ஒரு பங்கு, கார்ச் செலவு, தொலைபேசி போன்றவற்றில்தான் இழுபறி. தொழில் தொடங்க உடை, கருவி போன்றவற்றுக்கு 12 மாதத்தில் 500 டொலர் வரை ஒரு தொடக்க உதவி இருக்கிறது. அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். கேட்காமல் தரமாட்டார்கள். உங்கள் உடல்நிலை காரணமாக வேலை செய்ய ஏற்படும் செலவுகளையும், அதாவது ஒருவரைத் துணைக்கு அமர்த்துவது, தனிப்பட்ட கருவி வாங்குவது போன்றவற்றை, வருமானத்திலிருந்து கழிக்கும் வசதி உண்டு.

தொழிலுக்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள். இ-ட்ரான்ஸ்ஃபர் எல்லாம் அதற்கே வரட்டும். கலியாண மொய்யும் தட்டுக் காசும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால், வருடங்கள் கழித்து வங்கித் தாளைக் கேட்கும்போது எது எது என்று உங்களாலேயே பிரிக்க முடியாது. பற்றுச்சீட்டுகளை வாங்கிய அன்றே கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். டொலராமா போன்ற கடைகள் தரும் வெப்பத்தாள் பற்றுச்சீட்டின் எழுத்து சில மாதங்களில் வெளிறிவிடும். வரித்துறைக்காக ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும்.

காசாக வாங்கினால் யாருக்குத் தெரியும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. ஓடிஎஸ்பி வரித்துறையிடமிருந்து தகவல் பெறுகிறது. இணையத்தில் விற்றால், ஆண்டுக்கு 30 விற்பனையை எட்டியவர்கள் அல்லது 2,800 டொலரைத் தாண்டியவர்களின் விவரத்தை எட்சி போன்ற தளங்களே வரித்துறைக்கு அனுப்புகின்றன. அதற்கும் முன்னால், கோபத்தில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் தொலைபேசி எடுத்துவிடுவார். பிடிபட்டால் வருடக்கணக்கான தொகையைக் கூடுதல் கொடுப்பனவு என்று கணக்குப் போட்டு மாதாமாதம் கழிப்பார்கள். நேரத்தோடு அறிவித்திருந்தால் பெரும்பாலும் அந்த ஆயிரம் டொலர் விலக்குக்குள்ளேயே அடங்கியிருக்கும் காசுக்காக இந்த வில்லங்கம்.

முதல், சொத்து, உறவினர் காசு

தனியாளுக்கு 40,000 டொலர் வரை சொத்து வைத்திருக்கலாம்; தம்பதிக்கு 50,000. இது போக, தொழிலை நடத்தத் தேவையான பொருட்களும் கருவிகளும் 20,000 டொலர் வரை தனியாக விலக்கப்படுகின்றன. தையல் இயந்திரம் வாங்கினால் உதவிப்பணம் போய்விடும் என்ற கதையை நம்ப வேண்டாம்.

சுவிஸில் இருக்கும் அண்ணன் தொழிலுக்கு 3,000 அனுப்புகிறாரா? அன்பளிப்பாக 12 மாதத்தில் 10,000 டொலர் வரை வந்தால் வருமானமாகக் கொள்ள மாட்டார்கள். ஆனாலும் அறிவிக்க வேண்டும். அன்பளிப்பு என்று அண்ணனே ஒரு வரி எழுதி அனுப்பினால் நல்லது. கடன் என்றால் எடுப்பதற்கு முன் கேஸ்வேர்க்கரின் ஒப்புதலைப் பெறுங்கள். சீட்டுக் காசில் தொழில் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கழிவும் கணக்கும் வாய்வார்த்தையில் நடக்கும் ஒன்றை ஓடிஎஸ்பி அலுவலருக்கு விளங்கப்படுத்துவது லேசுப்பட்ட காரியமல்ல.

மாகாணத்தின் சிறுதொழில் நிலையங்கள் நடத்தும் ஸ்டார்ட்டர் கம்பனி பிளஸ் திட்டத்தில் பயிற்சியோடு 5,000 டொலர் வரை மானியம் கிடைக்க வாய்ப்புண்டு. மனநலப் பாதிப்போடு வாழ்பவர்களுக்குச் சிறுகடனும் வழிகாட்டலும் தரும் ரைஸ் என்ற அமைப்பு ரொறன்ரோவில் இருக்கிறது.

பெயரும் வரியும்

உங்கள் முழுப்பெயரிலேயே விற்றால் தொழிற்பெயர் பதிவு தேவையில்லை. "மலர்க்கை அலங்காரம்" என்று வேறு பெயர் வைத்தால் ஒன்ராறியோவில் இணையத்திலேயே பதியலாம்: 60 டொலர், ஐந்து வருடம். விற்பனை நான்கு காலாண்டுகளில் 30,000 டொலரைத் தாண்டும்வரை எச்எஸ்டி என்ற விற்பனை வரியை வசூலிக்கத் தேவையில்லை.

சுயதொழில் செய்பவர் வரிப்படிவத்தை ஜூன் 15 வரை கொடுக்கலாம், கட்ட வேண்டிய காசு இருந்தால் ஏப்ரல் 30க்குள் கட்டிவிட வேண்டும். பலரைத் திடுக்கிட வைப்பது வருமான வரி அல்ல, சிபிபி. ஆண்டு நிகரம் 3,500ஐத் தாண்டினால், தாண்டிய தொகையில் தொழிலாளி பங்கும் முதலாளி பங்கும் சேர்த்து 11.9 சதவீதம் நீங்களே கட்ட வேண்டும். மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். சிபிபி மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் பெறுபவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை.

விற்கும் இடம்

தொடக்கத்தில் எட்சியை நம்பி இருக்க வேண்டாம். ஒரு பொருளைப் பட்டியலிட 0.20 அமெரிக்க டொலர், விற்றால் தபால் கட்டணத்தையும் சேர்த்த தொகையில் 6.5 சதவீதம், பணம் பெறுவதற்கான கழிவு வேறு. தமிழ்க் கொண்டாட்டப் பொருளைத் தேடி அங்கே வருபவரைவிட, நடன ஆசிரியை ஒருவரின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் தாய்மார்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். மண்டப அலங்காரம் செய்பவர் ஒருவர், புகைப்படக்காரர் ஒருவர், ஐயர் ஒருவர். இந்த மூன்று பேருக்கும் உங்கள் தொலைபேசி இலக்கம் தெரிந்தால் கோடைக்குப் போதுமான வேலை வந்துசேரும். ஓகஸ்டு கடைசியில் மார்க்கம் வீதியில் நடக்கும் தமிழர் தெருவிழாவில் கடை போடலாம்தான். ஆனால் வெயிலில் நாள் முழுக்க நிற்கும் வேலை அது. உடம்பு இடம் கொடுக்குமா என்று முதலில் பாருங்கள். வீட்டுக்கு ஆட்கள் வந்து போவதாக இருந்தால் வாடகை ஒப்பந்தத்தையும் கொண்டோ (அடுக்குமாடிக் கட்டட) விதிகளையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

கடிதம் வந்தால்

கணக்கில் பிழை இருக்கிறது, உதவிப்பணத்தைக் குறைத்திருக்கிறோம் என்று கடிதம் வந்தால் அழுது பயனில்லை, திகதியைப் பாருங்கள். முடிவு கிடைத்து 30 நாட்களுக்குள் உள்ளக மறுபரிசீலனை கேட்டு எழுத வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் சமூக நன்மைகள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சமூகச் சட்ட உதவி நிலையங்கள் இந்த வேலையை இலவசமாகச் செய்கின்றன. தெற்காசியர் சட்ட உதவி நிலையத்தில் தமிழில் பேசலாம். போகும்போது மாத அறிக்கைகளையும் பற்றுச்சீட்டுப் படங்களையும் கேஸ்வேர்க்கர் எழுதிய பதில்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

தொழில் நன்றாக ஓடி, வருமானம் கூடி, ஓடிஎஸ்பியே நின்றுபோனாலும் மருந்து அட்டை அன்றே போய்விடுவதில்லை. வேலையால் வெளியேறுபவர்களுக்கு இடைக்கால மருத்துவ நன்மை இருக்கிறது. மருந்துச் செலவு மிகக் கூடியவர்களுக்கு நீடித்த மருத்துவ நன்மை என்று தனியாக ஒன்று உண்டு. பிறகு உடம்பு முடியாமல் தொழிலை நிறுத்த வேண்டி வந்தால், விரைவாகத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. மருத்துவ மறுபரிசீலனைத் திகதி கடந்திருந்தாலொழிய, மாற்றுத்திறனாளி என்று முதலிலிருந்து நிரூபிக்கச் சொல்ல மாட்டார்கள். அந்தத் திகதி உங்கள் கோப்பில் என்னவென்று இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.